பறக்க மறுத்தவள்

"ஏறி நில்லுங்க."

"யாரு... நானா?"

"ரெண்டு பேரும்தான். எடை பார்க்காம நான் யாரையும் ஏத்துறதில்ல."

அவன் குனிந்து தன் கைகளைப் பார்த்தான். இரண்டு கைகளிலும் அம்மா இருந்தாள். கம்பளியில் சுற்றிய அம்மா. மூக்கில் ஒரு குழாய். அது அவன் தோளில் தொங்கிய சின்ன உருளையில் போய் முடிந்தது. அந்த உருளையிலிருந்து வரும் காற்றைத்தான் அம்மா கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மாவால நிக்க முடியாதுங்க."

"அப்ப அவங்களைத் தூக்கிக்கிட்டு நில்லுங்க. அப்புறம் நீங்க மட்டும் நில்லுங்க. கழிச்சுக்கலாம்."

கம்பளிக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. சிரிப்போடு இருமலும் வந்தது.

"கழிச்சா மிச்சம் நானா? நல்ல கணக்கும்மா உன் கணக்கு..."

அவன் எடை மேடையில் ஏறினான். முள் நடுங்கி நின்றது. எடை பார்க்கச் சொன்னவள் அதைப் பார்த்துக்கொண்டாள். இறங்கினான். இனி அம்மாவை எங்காவது வைக்க வேண்டும். ஷெட்டைச் சுற்றிப் பார்த்தான். ஒரு பெஞ்சு இருந்தது, அதன் மேல் எண்ணெய்க் கறை. ஒரு மேசை இருந்தது, அதன் மேல் பாதி பிரித்த இயந்திரத்தின் குடல்கள். தரை சிமெண்ட், ஐஸ் மாதிரி.

"குடுங்க," என்றாள்.

இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றாள். அவனுக்கு ஒரு நிமிஷம் என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்த ஒரு வருஷமாக அம்மாவை அவன் யார் கையிலும் கொடுத்ததில்லை. கொடுத்தான்... அவன் கை கீழே, அவள் கை அதற்கும் கீழே. எது எங்கே போவது என்று தெரியாமல் நான்கு கைகளும் ஒரு நொடி சிக்கிக்கொண்டன. அப்போதுதான் அவள் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தான்.

பெரிய கண்கள் என்று சொல்ல முடியாது. வெயிலையும் பனியையும் பார்த்துப் பார்த்துச் சுருங்கிய கண்கள். ஓரங்களில் மெல்லிய கோடுகள். எப்போதும் தூரத்தைப் பார்த்தே பழகிய கண்கள்... திடீரென்று பக்கத்தில் ஒருவன் நின்றதும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தடுமாறின.

அவன் மட்டும் ஏறி நின்றான். அவள் முள்ளைப் பார்த்தாள். மனசுக்குள் கழித்தாள். அவள் முகம் மாறியதை அவன் பார்த்தான். அவனுக்கும் கழிக்கத் தெரியும். ஒரு சிமெண்ட் மூட்டை எடைகூட அம்மா இல்லை.

"எங்கயாவது வலிக்குதாம்மா?" என்று அவள் கேட்டாள்.

"எனக்கு எங்கயும் வலிக்கல. உன் கைதான் வலிக்கப் போவுது. அவன்கிட்ட குடுத்துடு."

அது ஒரு சின்னத் தொழில். மலையடிவாரத்தில் ஒரு ஓடுதளம், ஒரு ஷெட், ஒரே ஒரு விமானம். மூக்கில் ஒற்றை விசிறி. சுற்றிப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு, கணவாய் வழியாக உள்ளே போய், பெரிய மலையை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வரும். ஓட்டுவது அவள். எல்லோரும் பைலட்டம்மா என்று கூப்பிட்டார்கள். டிக்கெட் கொடுப்பதும் இயந்திரத்தைப் பிரித்துப் போடுவதும் அவள் அண்ணன். ஓடுதளத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஷெட் இருந்தது. அதே தொழில்தான். அந்த விமானத்தின் கதவு சின்னது, உடம்பை மடக்கித்தான் உள்ளே போக வேண்டும். அம்மாவின் உடம்பு மடங்காது. இந்த விமானத்துக்குத்தான் பெரிய கதவு. அதனால்தான் அவன் இங்கே வந்தான்.

அவள் வெளியே போனாள். ஓடுதளத்தின் நடுவில் நின்று மலையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"இன்னைக்குப் போக முடியாது."

"என்னது?"

"மேல காத்து இருக்கு."

அவனும் வெளியே வந்து பார்த்தான். ஒரு மேகம் இல்லை. கழுவித் துடைத்து வைத்த மாதிரி வானம். ஓடுதளத்தின் ஓரத்தில் புல் அசையாமல் நின்றது.

"எங்கங்க காத்து? ஒரு இலை ஆடல."

"கீழ இல்லதான். மேல பாருங்க. உச்சியில பனி புகை மாதிரி பறக்குது, தெரியுதா? மலை அந்தப் பக்கம் காத்தை வாங்கி இந்தப் பக்கம் கணவாய்க்குள்ள கொட்டுது. உள்ள போனா நம்மளைக் கீழ அமுக்கிடும்."

"ரெண்டு நாள் பஸ்சுல தூக்கிட்டு வந்திருக்கேன்."

"தெரியுது. நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"கிரேன் ஓட்டறேன். கட்டடத்துல."

"அப்ப உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்."

அதுதான் அவனுக்குக் கோபம். அவனுக்குத் தெரியும். கீழே சட்டை ஆடாத நாளில் மேலே கேபின் ஊஞ்சலாடும் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்த விஷயத்தையே எடுத்து அவன் வாயை அடைத்துவிட்டாள். திமிர் பிடித்தவள் என்று நினைத்தான். அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஷெட்டை விட்டு வெளியே வந்தான்.

பின்னால் அண்ணன் சொல்வது கேட்டது. "நீ முடியாதுன்னு சொல்றதுக்கு தனியா ஒரு டிக்கெட் போடலாம்னு இருக்கேன். அதுலயாவது நாலு காசு வரும்."

அம்மாவின் ஆசை சின்னதுதான். அவளுடைய இளமை முழுக்க அந்தப் பெரிய மலையின் அடியில் போனது. ரோடு போட வந்த கூட்டத்தில் கல் உடைத்தாள். கல்யாணம் ஆவதற்கு முன்னும் உடைத்தாள், அவன் வயிற்றில் இருந்தபோதும் உடைத்தாள், அவன் அப்பா போன பிறகும் உடைத்தாள். உடைத்த கல்லின் தூசியெல்லாம் நெஞ்சுக்குள் போய்ப் படிந்து, இப்போது மூச்சுக்கு இடம் இல்லை. வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த மலைச் சாலையில் கொஞ்சம் அவள் நெஞ்சிலும் போடப்பட்டிருந்தது.

"வேற என்னம்மா வேணும் உனக்கு?" என்று அவன் கேட்டிருந்தான்.

"அந்த மலை என்னைக் குனிஞ்சு பார்த்துக்கிட்டே இருந்துச்சுடா. காலைல பார்க்கும், மத்தியானம் பார்க்கும், நான் மூச்சிரைக்கும்போது பார்க்கும். நான் ஒரு தடவை அதைக் குனிஞ்சு பார்க்கணும்."

அவ்வளவுதான். அதற்காகத்தான் வந்தார்கள்.

ஓடுதளத்துக்கு எதிரே ஒரு விடுதி. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், வெந்நீர் வராத ஒரு குழாய். அங்கேயே தங்கினார்கள். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது...

மழை என்றால் சும்மா மழை இல்லை. மலையே இல்லை என்பது போல அழித்துவிட்ட மழை. தகரக் கூரையில் ஜல்லி கொட்டுவது போலச் சத்தம். அவன் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தான். எதிரே ஷெட்டுக்குள் அவள் நடமாடுவது தெரிந்தது. ஒரு முறை வாசலில் வந்து நின்று கையை நீட்டி மழையைத் தொட்டாள். அவன் பார்ப்பதைப் பார்த்துவிட்டாள். கையை இழுத்துக்கொண்டாள்.

"யாருடா அங்க?" என்றாள் அம்மா கட்டிலிலிருந்து.

"யாரும் இல்ல."

"யாரும் இல்லாததுக்கா இவ்வளவு நேரம் பார்க்கறே?"

சாயங்காலம் கதவு தட்டப்பட்டது. அவள்தான். தலையில் ஒரு தார்ப்பாய்த் துண்டு. தோளெல்லாம் நனைந்திருந்தது. கையில் வெந்நீர் நிரப்பிய ரப்பர் பை.

"அம்மாவுக்கு. காலடியில வைங்க."

"நீங்க எதுக்கு..."

"உங்களுக்கு இல்ல. அம்மாவுக்கு."

கண்ணிமை ஓரத்தில் ஒரு மழைத்துளி நின்றுகொண்டிருந்தது. விழுவதா வேண்டாமா என்று அது யோசித்தது. துடைக்க அவளுக்குக் கை இல்லை, பையைப் பிடித்திருந்தாள். அவனுக்குக் கை இருந்தது... துணிவு இல்லை.

அடுத்த நாளும் மழை. அவன் சும்மா இருக்க முடியாதவன். ஷெட்டுக்குப் போனான். ஈரம் கசிந்து வந்த பக்கமிருந்து விமானத்தை நகர்த்த அண்ணனோடு சேர்ந்து தோள் கொடுத்தான்.

"ஓய் கிரேன்காரரே, உங்க தோளை வாடகைக்கு விடுவீங்களா?" என்றான் அண்ணன்.

"ஓசிதான். உங்க தங்கச்சி ஒரு நாள் மனசு வச்சாப் போதும்."

"அது ஓசியில கிடைக்காது. எனக்கே கிடைச்சதில்ல."

அவள் இறக்கையின் கீழே நின்று துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. ஆனால் துணி ஒரே இடத்தில் போய் வந்துகொண்டிருந்தது.

"அந்த இடம் தேஞ்சிடப் போவுது," என்றான் அவன்.

"தேஞ்சா உங்க தலையில கட்டறேன்."

"கட்டுங்க. பழக்கம்தான். என் தலையில எல்லாரும் எதையாவது கட்டறவங்கதான்."

சிரித்துவிட்டாள். சிரித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கூரையில் ஜல்லி இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பு அவனுக்குத் தனியாகக் கேட்டது...

அன்று மத்தியானம் விமானத்தின் பின்சீட்டுகள் இரண்டைக் கழற்றிக் கீழே வைத்திருந்ததைப் பார்த்தான். அந்த இடத்தில் ஒரு மெத்தை. மெத்தையின் தலைப்பக்கம் உயரமாக, ஜன்னலுக்கு நேராக.

"இது எதுக்கு?"

"படுத்தபடி கீழ பார்க்கணும்ல அவங்க," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவன் மெத்தையை ஒரு முறை கையால் அழுத்திப் பார்த்தான். வெளியே வந்து மழையில் நின்றான்.

ராத்திரிகளில் அம்மாவின் மூச்சு, கரடுமுரடான சுவரில் சாந்துக்கரண்டி தேய்ப்பது போல இழுத்தது. பையில் கொண்டுவந்திருந்த மற்ற உருளைகளும் தீர்ந்துகொண்டு வந்தன. நாள் இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு ஒரு காலை, ஜன்னலில் மலை நின்றது. வெள்ளையாக, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாதது போல நின்றது. அவன் அம்மாவுக்கு முகம் கழுவிவிட்டான். தலை வாரிவிட்டான். அம்மா நல்ல புடவை கேட்டாள்.

"பார்க்கப் போறது மலையை. மாப்பிள்ளை வீட்டை இல்ல."

"பழகின ஆளைப் பார்க்கப் போறேன்டா. கந்தலோட போக முடியுமா?"

பைலட்டம்மா ஓடுதளத்தில் நின்றிருந்தாள். உச்சியில் பனித்தூள் ஒரு நூல் மாதிரி... இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத மெல்லிய நூல். வெகுநேரம் பார்த்தாள். அவன் மூச்சை அடக்கிக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"ஏத்துங்க," என்றாள்.

மெத்தையில் அம்மாவைக் கிடத்தினார்கள். பைலட்டம்மா தானே பட்டையைக் கட்டிவிட்டாள். அம்மா அவள் கன்னத்தைத் தொட்டாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். விசிறி சுற்றியது. விமானம் உடம்பு முழுக்க நடுங்கியது. ஓடுதளத்தின் கோடிக்குப் போய்த் திரும்பி நின்றது. இரைச்சல் ஏறியது, இன்னும் ஏறியது... அம்மா அவன் கையை இறுக்கினாள்.

இரைச்சல் இறங்கியது.

விமானம் மெதுவாகத் திரும்பி ஷெட்டை நோக்கி உருண்டது. வாசலில் வந்து நின்றது. விசிறி ஓய்ந்தது. அவள் முன்சீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"முடியாது," என்றாள். "நாளைக்குப் பார்ப்போம்."

அவர்கள் அம்மாவை இறக்கிக்கொண்டிருக்கும்போதே எதிர் ஷெட்டு விமானம் ஓடுதளத்தில் ஓடி எழும்பியது. கணவாய்க்குள் நுழைந்தது. அம்மா அவன் தோளில் சாய்ந்தபடி அதைப் பார்த்தாள். அது மலைக்குப் பின்னால் மறைந்து, மறுபடி தெரிந்து, திரும்பி வந்து இறங்கியது. உள்ளேயிருந்து நாலைந்து பேர் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். ஒருத்தி குழந்தையைத் தூக்கிப் போட்டுப் பிடித்தாள். எதிர் ஷெட்டுக்காரர் இந்தப் பக்கம் பார்த்துக் கையை விரித்துக் காட்டினார்.

"பரவால்ல," என்றாள் அம்மா.

அவளை அவன் விடுதிக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். ஜன்னல் பக்கம் படுக்க வைத்தான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் காலை மறுபடி மேகம். மத்தியானம் ஒரு முறை கண்ணைத் திறந்து, "நாளைக்குன்னா சொன்னா?" என்று கேட்டாள். அவன் ஆமாம் என்றான். கொஞ்ச நேரத்தில் உருளையிலிருந்து காற்று வந்துகொண்டே இருந்தது... வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

அந்த ஊரிலேயே, அந்த மலையின் அடியிலேயே அம்மாவை மண்ணுக்குக் கொடுத்தான். அண்ணன் வந்து குழி வெட்டினான். அவளும் வந்திருந்தாள். தூரத்தில் நின்றாள். எல்லாம் முடிந்து எல்லோரும் போன பிறகு அவன் பக்கத்தில் வந்தாள்.

"நான்..." என்று ஆரம்பித்தாள்.

"நீ பேசாத," என்றான். அவன் குரல் உயரவில்லை. அதனால்தான் அது அவ்வளவு மோசமாகக் கேட்டது. "எதிர் ஷெட்டுக்காரன் போனான். வந்தான். குழந்தை குட்டியோட போயிட்டு வந்தான். உனக்குப் பயம். அந்தப் பயத்துக்கு ஒழுங்குன்னு பேரு வச்சு ஊரை ஏமாத்திக்கிட்டு இருக்க. எங்கம்மா செத்தும் அந்த மலைக்குக் கீழயே கிடக்குறா பாரு. இன்னும் அது குனிஞ்சுதான் பார்க்குது."

அவள் ஈர மண் ஒட்டிய தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் பஸ் ஏறிவிட்டான்.

ஊருக்கு வந்தான். வேலைக்குப் போனான். காலையில் ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம். மேலே கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் அவன் மட்டும். அங்கே யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். அது அவனுக்கு வசதியாக இருந்தது. ஆனால் வானம் துடைத்தது போல இருக்கும் நாட்களில், தூரத்தைப் பார்க்கும்போது, ஓரத்தில் கோடு விழுந்த இரண்டு கண்கள் ஞாபகம் வந்தன. வரும்போதெல்லாம் பல்லைக் கடித்தான். வெறுப்பு என்று நினைத்தான். வெறுப்பு இப்படித்தான் சாப்பாட்டு நேரத்திலும் வருமா என்று அவனுக்குத் தெரியவில்லை...

அப்படி ஒரு நாள். பெரிய பெரிய பலகைகளை மேல்மாடிக்குத் தூக்க வேண்டும். கீழே கான்கிரீட் லாரிகள் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. பலகை மேலே போனால்தான் கான்கிரீட் ஊற்ற முடியும். காற்று காட்டும் கருவி, தூக்கலாம் என்றுதான் காட்டியது. ஆனால் கூண்டு ஒரு மாதிரி ஆடியது. தொடர்ந்து ஆடவில்லை. ஒரு இழுப்பு, ஒரு மௌனம், மறுபடி ஒரு இழுப்பு. காற்றில் பலகை என்பது கப்பல் பாய் மாதிரி. கீழே முப்பது நாற்பது தலைகள்.

"தூக்குப்பா," என்றது காதருகே வாக்கி டாக்கியில் சூப்பர்வைசரின் குரல்.

"காத்து சரியில்லைங்க."

"மீட்டர் என்ன காட்டுது?"

"மீட்டர் சரியாத்தான் காட்டுது."

"அப்புறம் என்ன? கீழ கொடிகூட ஆடல. லாரியில கான்கிரீட் கல்லாப் போவுது."

"தூக்க மாட்டேன்."

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவனுக்கே கேட்டது. கீழே கூட்டம் கூடியது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவன் உட்கார்ந்திருந்தான். இப்போது ஒரு பெரிய காற்று வரும், வந்து எல்லோருக்கும் காட்டும் என்று காத்திருந்தான். வரவில்லை. மத்தியானம் போனது. வரவில்லை. இருந்த ஆட்டமும் நின்றுபோய், சாயங்காலம் வானம் ஒரு குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. லாரிகள் கொட்டாமலே திரும்பிப் போயின.

அவன் ஏணியில் இறங்கியபோது யாரோ சிரித்தார்கள்.

"பயமா இருந்தா கீழ சித்தாளு வேலைக்கு வந்துடு மாமா. கல்லு மண்ணு சுமக்கலாம். காத்து அடிக்காது."

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொன்னார். என்னவென்று எதிர்த்துப் பேசுவது? தூக்கியிருந்தால் பலகை திரும்பியிருக்குமா... திரும்பியிருக்காதா? யாருக்குத் தெரியும்? செய்துவிட்டுத் தப்பாகப் போனால் சாட்சி கிடக்கும், ரத்தமும் சதையுமாக. செய்யாமல் விட்டதற்கு ஒரு சாட்சியும் கிடையாது. கையில் ஒன்றும் இல்லாமல் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அவன் வீட்டுக்குப் போகவில்லை. பஸ் நிலையத்துக்குப் போனான்.

ஓடுதளத்துக்கு வந்து சேர்ந்தபோது வெயில் பளீரென்று இருந்தது. ஷெட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. பெட்டியும் பையுமாக ஒரு குடும்பம். குடும்பத்தின் பெரியவர் தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருந்தார். அவர் முன்னால் அவள் நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள். கண்ணின் கீழே கருப்பு.

"வானத்தைப் பாருங்கம்மா. கண்ணாடி மாதிரி இருக்கு. எங்களைப் பார்த்தா உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"இன்னைக்கு முடியாதுங்க. மேல காத்து இருக்கு."

"ஓட்டத் தெரியலைன்னா எதுக்கு இந்தத் தொழில்? போய் வேற ஏதாவது..."

"பெரியவரே," என்றான் அவன் உள்ளே நுழைந்து. "பெட்டியை நான் காருக்குக் கொண்டுவர்றேன். இவங்க முடியாதுன்னா முடியாதுதான்."

"நீ யாருய்யா?"

"நானும் இங்க திட்டிட்டுப் போன ஆளுதான். உங்களைவிட நல்லாவே திட்டியிருக்கேன்."

அவன் இரண்டு கையிலும் இரண்டு பெட்டி, கக்கத்தில் ஒரு பை என்று தூக்கிக்கொண்டு நடந்தான். திரும்பி வந்தபோது அவள் ஷெட் வாசலில் நின்றாள். அண்ணன் இருவரையும் பார்த்துவிட்டு, ஏதோ ஒரு ஸ்பானரைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

"எதுக்கு வந்தீங்க?" என்றாள். "அன்னைக்கு ஏதாவது மிச்சம் வச்சுட்டீங்களா?"

"வேலை போச்சு."

"அதுக்கு நான் என்ன பண்ண?"

சொன்னான். நின்றபடியே, பலகையை, லாரிகளை, ஆடாத கொடியைச் சொன்னான். அவள் மலையையே பார்த்துக்கொண்டு கேட்டாள். அவன் சொல்லி முடிக்கும்போது எதிர் ஷெட்டு விமானம் உறுமிக்கொண்டு ஓடி மேலே எழும்பியது. அந்தப் பெரியவர் குடும்பம் அதில் ஏறியிருந்தது. இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்தார்கள். அது கணவாய் வாயில் ஒரு புள்ளியாகி உள்ளே போனது.

அவள் கை, கதவுச் சட்டத்தைப் பிடித்திருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன.

"அது திரும்பி வந்துடும்," என்றான்.

"வரணும்."

"வந்தா உங்களைப் பார்த்துச் சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்... வரணும்."

இத்தனை நாளும் அவன் தனக்குள் வெறுப்பு என்று பேர் வைத்திருந்தது எதுவோ, அதன் பேர் அது இல்லை என்று அப்போது தெரிந்தது. சத்தம் ஒன்றும் இல்லை. புல் அசையவில்லை. வெகுநேரம் கழித்து, முதலில் ஒரு வண்டு போல, பிறகு தெளிவாக, விசிறிச் சத்தம் கேட்டது. விமானம் கணவாயிலிருந்து ஆடி ஆடி வெளியே வந்து இறங்கியது. பெரியவர் இறங்கினார். இந்தப் பக்கம் பார்த்துச் சத்தமாக ஏதோ சொன்னார். அவர் குடும்பம் சிரித்தது.

அவள் மூச்சை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"அன்னைக்கு நாம போயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு எனக்கு இன்னும் தெரியாது," என்றாள். "தினமும் யோசிக்கறேன். அம்மா பார்த்திருப்பாங்களோ... நான் செஞ்சது சரின்னு என்னால சொல்ல முடியல."

"சொல்ல வேண்டாம். எனக்கும் தெரியாது. தெரியவும் போறதில்ல. அம்மா பார்க்காமப் போனது எனக்கு வலிச்சுக்கிட்டேதான் இருக்கும். அந்த வலியோடயே... உங்க பக்கத்துல இருக்கணும்னு தோணுது. வேற எங்க உட்கார்ந்தாலும் தூக்கம் வரல."

"அன்னைக்கு நீன்னு பேசினீங்க. இன்னைக்கு என்ன நீங்க?"

"அன்னைக்குக் கோபம். இன்னைக்கு உங்களைக் கேட்டுட்டுத்தான் நீன்னு கூப்பிடணும்."

அவள் சிரிக்கவில்லை. கண் ஓரத்துக் கோடுகளில் ஈரம் இறங்கியது. இந்த முறை அவன் கையை நீட்டித் துடைத்தான். அவள் விலகவில்லை.

"ஒண்ணு சொல்லணும்," என்றாள். "நீங்க என்னைப் பயந்தவள்னு சொன்னீங்கல்ல? அது நிஜம். மலை அன்னைக்கு அவ்வளவு மோசமா இல்ல. வேற யாராவது இருந்திருந்தா ஒருவேளை ஏத்தியிருப்பேன். பின்னாடி நீங்க உட்கார்ந்திருந்தீங்க. வேகத்தைக் கூட்டும்போது கண்ணாடியில உங்க முகம் தெரிஞ்சுது. உங்களுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு கை நடுங்க ஆரம்பிச்சுடுச்சு. எனக்கு அப்படி நடுங்கினதே இல்ல. நடுங்கற கையோட மேல போகக் கூடாது... அதான் திரும்பினேன். காத்து இல்ல காரணம். நீங்கதான். இதை எப்படி நான் அந்தக் குழி பக்கத்துல நின்னு சொல்லுவேன்?"

அம்மாவை மேலே போகவிடாமல் செய்தது தன் முகம்தான் என்பது மெல்ல மெல்ல அவனுக்குள் இறங்கியது. கனமாக இறங்கியது. அவன் அதைத் தள்ளிவிடவில்லை. தூக்கிப் பழகியவன்.

"சொன்னதுக்கு அப்புறமும் இருப்பீங்களா?" என்றாள். குரல் கேட்டும் கேட்காமலும் இருந்தது.

"இருப்பேன்."

"உங்களை ஏத்திக்கிட்டு என்னால ஓட்ட முடியாது. எப்பவும் முடியாது."

"அப்ப கீழ இருக்கேன்."

"நான் மேல போற ஒவ்வொரு தடவையும் நீங்க இங்க நின்னு, அந்தக் கணவாயைப் பார்த்துக்கிட்டு..."

"தெரியும்."

"பழகிடும்னு நினைக்காதீங்க. பழகாது."

"பழகாதுதான்," என்றான் அவன். அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். குளிர்ந்து, எண்ணெய் வாசனையோடு, லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது அந்தக் கை. "ஆனா நிப்பேன்... உன்னைப் பிடிச்சிருக்கு. நிப்பேன்."